காதில் விழுந்த நேரம்

புனிதவதி டீச்சரின் வகுப்பில் வெண்பலகையின் நடுவே எப்போதும் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடது பக்கம் 'கடமை', வலது பக்கம் 'விளைவு'. தாதிமைக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஊசி போடவும் காயத்துக்குக் கட்டுப் போடவும் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவளுக்கு வாய்த்தது நன்னெறிப் பாடம். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் எல்லாரும் மதிக்கிற பாடம் அது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும், பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தமிழும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எடுத்துக்கொண்டது வாக்குறுதி. சாகப்போகிற நோயாளி ஒருவர் உங்களிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொள்கிறார். அவர் கண்ணை மூடிய பிறகு அதை நிறைவேற்றினால் உயிரோடு இருக்கிற நாலு பேருக்குக் கஷ்டம். நிறைவேற்றாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"செய்ய மாட்டேன் டீச்சர்" என்றாள் முன்வரிசையில் இருந்த சனா, யோசிக்கவே இல்லாமல். "செத்தவருக்கு என்ன தெரியப்போவுது? இருக்கிறவங்களத்தான் பார்க்கணும்லா."

"அப்புறம் எதுக்கு வாக்குக் கொடுத்தே?"

"அவரு நிம்மதியா போகட்டும்னுதான்."

"நிம்மதி வலது பக்கம்" என்று புனிதவதி எழுதினாள். "நீ கூட்டிக் கழிச்சுப் பார்க்கிற ஆளு. யாருக்கு எவ்வளவு நல்லது, யாருக்கு எவ்வளவு கெட்டது, எது அதிகமோ அந்தப் பக்கம் போறே. தப்புன்னு சொல்லல. ஆனா இந்த இடது பக்கத்து ஆளு உன்னை விட மாட்டாரு. எல்லா நர்சும் உன்ன மாதிரி செஞ்சா, நாளைக்கு எந்த நோயாளி ஒரு நர்சோட வார்த்தைய நம்பிக் கண்ண மூடுவான்னு கேட்பாரு. கொடுத்த வாக்கு, கேட்ட ஆளு இருக்கிற வரைக்கும்தான் செல்லும்னா அதுக்குப் பேரு வாக்கே இல்லம்பாரு."

"நீங்க எந்தப் பக்கம் டீச்சர்?"

"நான் கோடு போடுற பக்கம்."

வகுப்பு சிரித்தது. வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள், அவளும் இதையே சொல்வாள், பிள்ளைகளும் தவறாமல் சிரிப்பார்கள். இவ்வளவு வசதியான பதில் கையில் இருக்கும்போது வேறு பதிலை யார்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்?

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கைத்தொலைபேசியில் லீலாவதியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. பத்தாங் காலியில் முதியோர் இல்லம் நடத்துகிற அம்மாள். புனிதவதி படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்று திருப்பி அழைத்தாள்.

"டீச்சர், தாத்தாவுக்கு விடியக்காலையில மூச்சுத் திணறிப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டுப் போனோம். என்னென்னமோ பண்ணிப் பார்த்தாங்க. போயிட்டாரு டீச்சர்."

தாத்தா என்று லீலாவதி சொன்னது சின்னையாவை. புனிதவதிக்குச் சித்தப்பா, அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா மரம் விழுந்து செத்தபோது புனிதவதியும் தம்பி கார்த்திகேசுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சின்னையா கல்யாணம் என்ற பேச்சையே அதோடு விட்டுவிட்டு, சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கி விற்கும் ஒரு தவுக்கே முதலாளியிடம் ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். படகு வரும் முன்னே ஐஸ் பாளங்களை உடைத்துத் தூளாக்கி வைக்க வேண்டும், மீன் வந்ததும் அள்ளிக் கொட்ட வேண்டும். பிள்ளைகள் இருவரும் படித்தது அந்த ஐஸில்தான். வயதான காலத்தில் அவர் விரல்கள் சுடுசோற்றைத் தொட்டாலும் சூடு தெரியாத விரல்களாகிவிட்டன.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பக்கவாதம் வந்து சாய்ந்து கிடந்த அந்த மனிதர், வேலை செய்கிற ஒரு கையை நீட்டி அவளிடம் சத்தியம் கேட்டார்.

"செத்தா என்னைய ஐஸ்ல மட்டும் வெச்சிடாத புனிதா. அந்தப் பொட்டியில போட்டு நாள் கணக்கா வெச்சிருப்பானுங்க, பார்த்திருக்கேன். எனக்கு வேண்டாம். அன்னிக்கே எரிச்சிரு. கார்த்தி கொள்ளி வைக்கட்டும். கையில அடிச்சுச் சொல்லு."

அவள் அந்தக் கையில் அடித்துச் சொன்னாள். சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

இப்போது படிக்கட்டில் நின்றுகொண்டு முதலில் அவளுக்கு வந்தது அழுகைதான். அடுத்த மூச்சிலேயே வந்தது நித்தியாவின் முகம். கார்த்திகேசுவின் மகள் நித்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

நம்ம ஆட்களின் தீட்டுக் கணக்கு ஊரறிந்தது. பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் நல்ல காரியம் நின்றுபோகும். ஆனால் அதற்குள் ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள்: உயிர் போன நேரத்திலிருந்து அல்ல, காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. தெரியாதவனுக்குத் தீட்டில்லை. அதனால்தான் கல்யாண வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்தால், வாசலிலேயே யாராவது ஒருவர் அதை வாங்கி விழுங்கிவிட்டு, பந்தியில் போய்ச் சாம்பார் ஊற்றுவார். எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது. தாலி ஏறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள்.

நித்தியாவுக்கு இது இரண்டாவது ஏற்பாடு. முதல் தடவை மாப்பிள்ளையின் தாத்தா செத்துக் கல்யாணம் தள்ளிப்போனது, தள்ளிப்போனது அப்படியே இல்லாமலும் போனது. ராசியில்லாத பெண் என்று பேசினார்கள். அந்தப் பேச்சை வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்லுகிறவள் குமுதா, இப்போதைய மாப்பிள்ளை சுகுமாறனின் அம்மா. சிரம்பான்காரி. ஜாதகத்தை மூன்று இடத்தில் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். பெண் வீட்டில் சாவு என்று தெரிந்தால் அந்த அம்மாள் மண்டபத்து வாசலில் கால் வைக்க மாட்டாள். காப்புக் கட்டிவிட்டால் தீட்டு ஒட்டாது என்று சிலர் சொல்வதுண்டு. அதுவும் சனிக்கிழமைதான் கட்டப்போகிறார்கள்.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா? யாரு யாருக்குச் சொல்லணும்?"

"நான் பார்த்துக்கிறேன். நீங்க யாருக்கும் சொல்ல வேண்டாம்." அவளுக்கே அந்நியமான ஒரு குரல், வகுப்பில் அடங்காத பிள்ளையிடம் பேசும் குரல், மேற்கொண்டு சொன்னது: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கிறோம். அது வரைக்கும் பொணவறையிலயே இருக்கட்டும்."

லீலாவதி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "சரி டீச்சர், உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். காதில் விழுந்தாகிவிட்டது, இவளுக்குத் தீட்டு வந்துவிட்டது. கல்யாணமாகாதவள், அப்பன் வீட்டுக் கோத்திரத்திலேயே நின்றுவிட்டவள், ஆகவே முழுத் தீட்டு. ஆனால் தீட்டு வீட்டுக்கு யாராவது வருவார்கள், தின்ன ஏதாவது கொண்டுவருவார்கள், கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுவார்கள். இவள் வீட்டுக்கு யார் வருவது? கோலசிலாங்கூரில் அந்தக் குடியிருப்புத் தாமானில் எல்லாக் கதவும் பூட்டியே இருக்கும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கை அசைத்தார். அவளும் அசைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். ஒரு பக்கம் நித்தியாவின் வாழ்க்கை, கார்த்தியின் மானம், இரண்டு குடும்பத்து ஜனம். மறுபக்கம் குளிர் தெரியாத ஓர் உடம்பு. இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது? சனாவே பட்டென்று சொல்லிவிட்டாள். சரி, இடது பக்கம் வருவோம் என்றால் அந்தப் பக்கமும் ஒன்றாக நிற்கவில்லை. சித்தப்பாவுக்குக் கொடுத்த வாக்கு கடமை என்றால், பெற்ற பிள்ளை இல்லாத அத்தைக்கு மருமகளைக் கரை சேர்ப்பது கடமையில்லையா? சொல்லாமல் இருப்பது பொய்யா, இல்லை சும்மா இருப்பதா? நாமே போய் எரித்துவிடலாம் என்றால் கார்த்தி கொள்ளி வைக்க வேண்டும் என்றாரே. கார்த்தியைக் கூப்பிட்டால் அவன் காதில் விழுந்துவிடும். அவன் காதில் விழுந்தால் மகளைத் தாரை வார்க்க அவன் மணவறையில் உட்கார முடியாது.

வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் அவளைக் கொண்டுபோய்ப் பேசாமல் இரு என்ற இடத்திலேயே விட்டது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. சரியான விடைதானே, அப்புறம் ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் தம்பி. சொல்லக் கூடாத ஒரே ஆளும் அவன்தான்.

சனிக்கிழமை போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று தம்பி வீட்டுக்குப் போனாள். தோரணம், வாழைமரம், பாட்டு. யாரையும் தொடாமல், மஞ்சள் இடிக்கிற பக்கம் போகாமல், வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கார்த்திகேசு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாண வேலை மனுஷனை என்ன பாடு படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நித்தியா மருதாணிக் கையோடு வந்து முன்னால் நின்றாள். "அத்தை, நாளைக்குத் தாலித் தட்ட நீங்கதான் சபைக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க. மறந்துடாதீங்க."

கூட்டத்தில் ஒருத்தி, "சுமங்கலியா ஒருத்தர் கையில கொடுக்கிறதுதானே வழக்கம்" என்று வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க அத்தைதான் எடுப்பாங்க" என்றாள் நித்தியா. "அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனப்ப என்னைய யாரு வளர்த்தது, நீங்களா?"

வாசலில் நின்ற கார்த்திகேசு அப்போதுதான் திரும்பினான். "அக்காதான் எடுக்கணும்" என்றான், தேவைக்கு மேலே சத்தமாக. "எங்க வீட்டுக்கு மூத்தவ அவ. வேற பேச்சு வேண்டாம்."

புனிதவதி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். ஆயுசில் ஒரு தடவை சபை நடுவே நிற்கக் கூப்பிடுகிறார்கள். அதற்கும் இப்படி ஒரு நேரம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. குமுதா பட்டுப்புடவையில், சிரிப்பை அளந்து அளந்து செலவழித்துக்கொண்டிருந்தாள். ஐயர் தேங்காய் மேல் தாலியை வைத்து, பூவும் அரிசியும் நிறைந்த தட்டை நீட்டினார். நித்தியா மணவறையிலிருந்தே அத்தையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

புனிதவதி எழுந்தாள், நாலு அடி வைத்தாள். தட்டு இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் வரவில்லை. சொல்லாமல் இருப்பதைத்தான் அவள் தீர்மானித்திருந்தாள். தீட்டுக் கையால் அந்தப் பிள்ளையின் தாலியைத் தூக்குவதை அவள் தீர்மானிக்கவில்லை. தீட்டில் அவளுக்கு நம்பிக்கை இருந்ததா? கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், வகுப்பில் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் கை மேலே வரமாட்டேன் என்றது.

"முட்டி வலிக்குது சாமி. வேற யாராவது எடுக்கட்டும்."

நித்தியாவின் சிரிப்பு அப்படியே அணைந்தது. குமுதாவின் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி பெண்சாதியின் தங்கை ஓடி வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். புனிதவதி திரும்பும்போது தம்பியின் கண் அவள் மேல் இருந்தது. ஒரு கணம்தான், உடனே குனிந்து பவித்திரத்தைச் சரிசெய்துகொண்டான். பிறகு கெட்டிமேளம் கொட்டியது. கடைசி வரிசை மேசை ஓரமாகத் தனியாக நின்று, அவள் அட்சதையைத் தூவாமல் கீழே போட்டாள்.

சாப்பாடு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சிரம்பானுக்குக் கார் ஏறினார்கள். நித்தியா அத்தையிடம் சொல்லிக்கொள்ளும்போது முகத்தைப் பார்க்கவில்லை. கார் சாலைக்குப் போய் மறைந்ததும் புனிதவதி தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனாள். அங்கே சமையல்காரர்கள் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"கார்த்தி, மனச தேத்திக்க. சித்தப்பா போயிட்டாருடா. வெள்ளிக்கிழமையே."

அவன் அதிரவில்லை. பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மெதுவாக மடித்தான்.

"தெரியும்க்கா" என்றான். "லீலாவதி எனக்குத்தான் மொதல்ல போன் அடிச்சாங்க. உனக்குச் சொல்ல வேண்டாம்னு சொல்லி வெச்சேன். இல்லத்துல சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவங்களுக்குச் சொல்லாம இருக்க முடியாது சார்னாங்க. நேத்து நீ வீட்டுக்கு வந்ததப் பார்த்துட்டு, சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சேன். தட்ட நீ வாங்காதப்பத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நீ மணவறையில உட்கார்ந்தே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? நான் எந்திரிச்சா கல்யாணம் போச்சு. தீட்டு என்னோட போவட்டும், நீயாவது சுத்தமா இருந்து தட்ட எடுப்பேன்னு பார்த்தேன்."

"நானும் அதையேதான்டா நெனச்சேன். நீயாவது சுத்தமா இருந்து தாரை வார்ப்பேன்னு."

ரெண்டு பேரும் அண்டா கழுவுகிற தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புனிதவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆளுக்கு ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே சாவை ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்து, மற்றவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு! அவள் போட்ட கணக்கில் சித்தப்பா இருந்தார், நித்தியா இருந்தாள், குமுதாகூட இருந்தாள். தம்பியும் தன்னைப் போல அதே மேசையில் அதே கணக்கோடு உட்கார்ந்திருப்பான் என்பது மட்டும் அதில் இல்லை.

"ஒரு போன் பண்ணியிருந்தா வெள்ளிக்கிழமையே ரெண்டு பேருமா போயி எரிச்சிருக்கலாமேடா. எப்படியும் நீ தீட்டோடதானே உட்கார்ந்தே. அந்த மனுஷன் ஐஸ்ல கெடந்திருக்க மாட்டாரே."

"கொள்ளி வெச்சவன் மொட்டை அடிக்கணும்க்கா. மொட்டையோட எப்படி மணவறைக்குப் போவேன்?"

"மொட்டையா கேட்டாரு அவரு? நெருப்பத்தானடா கேட்டாரு."

கார்த்திகேசு முகத்தைப் பொன்னாடையில் பொத்திக்கொண்டான். சமையல்காரன் ஒருவன், மகளைக் கட்டிக்கொடுத்த அப்பன் அழுகிறான் என்று நினைத்து, பாவம் பார்த்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரே காரில் போனார்கள். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். இன்னும் இறங்காத கல்யாணக் களை கார்த்திகேசுவின் நெற்றியில் சந்தனமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் கைக்குட்டையால் துடைத்தான்.

பிணவறைப் பையன் இழுப்பறையை இழுத்தான். சின்னையா மெலிந்து, புருவத்தில் வெள்ளையாகப் பனி படிந்து கிடந்தார். புனிதவதி அவர் கையைத் தொட்டாள். வெடுக்கென்று தன் கையை எடுத்துக்கொண்டாள். செத்தவருக்குக் குளிர் தெரியாது, அது அவளுக்குத் தெரியும். தொட்டவளுக்குத் தெரிந்தது. இந்தக் குளிரைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

"சித்தப்பா, நித்தியா கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது" என்று குனிந்து சொன்னாள். அதைச் சொன்னால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை.

சவ வண்டி மின்சுடலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அங்கிருந்த ஆள் கையைப் பிசைந்தான். இன்றைக்கு இதுதான் கடைசி, இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுப்பை மூடிவிடுவார்கள், சடங்கைச் சுருக்கமாக முடிக்கச் சொன்னான். விட்டால் நாளைக்குத்தான், அது வரைக்கும் உடம்பைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் குளிரில் வைக்க வேண்டும். கார்த்திகேசு வேட்டியைத் தார் பாய்ச்சிக்கொண்டு சூடத்தோடு உள்ளே போனான். புனிதவதி உள்ளே நுழையும்போது கைத்தொலைபேசி அடித்தது. நித்தியா.

"அத்தை, கார்லதான் இருக்கேன். இவரு பெட்ரோல் ஸ்டேஷன்ல இறங்கியிருக்காரு. ஏன் அத்தை தட்ட வாங்கல? முட்டி வலின்னு சொல்லாதீங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

முட்டி வலிதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ரெண்டு நாளாகப் பேசாமல் இருந்த வாய் அதற்கு மேல் தாங்கவில்லை.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. சின்னத் தாத்தா போயிட்டாரு. வெள்ளிக்கிழமையே. எனக்குத் தெரியும், அதான் தட்டத் தொடல."

அந்தப் பக்கம் கார்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. நித்தியா ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த இல்லத்துக்குப் போனவள். கல்யாணப் பத்திரிகையை முதலில் அவர் மடியில் வைத்துக் கும்பிட்டவள். அது புனிதவதிக்கு நன்றாகவே தெரியும், கூடப் போனவளே அவள்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேருக்கும் தெரியும்." நித்தியாவின் குரல் நடுங்கியது. "எனக்காகத்தானே மறைச்சீங்க? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நிறுத்தியிருப்பேன்னு சொல்ல வரல அத்தை. நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்ல? என் கல்யாணம்லா."

புனிதவதி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"சுடலையில."

"நான் வர்றேன். இவருகிட்டச் சொல்றேன், திரும்பி வந்துடுறோம். நான் மூஞ்சியப் பார்க்கணும். நான் வர்ற வரைக்கும் எரிக்காதீங்க."

உள்ளே சங்கு ஊதினார்கள். சிரம்பானை நெருங்கிவிட்ட பிள்ளை திரும்பி வருவதற்குள் அடுப்பு மூடிவிடும். புதுத் தாலியோடு சுடுகாட்டுக்கு வந்தாள் என்று குமுதா பேசப்போவதுகூட இப்போது புனிதவதிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வந்தால் வரட்டும். ஆனால் அது வரைக்கும் சித்தப்பா? மறுபடியும் அந்த இழுப்பறை, மறுபடியும் ஒரு ராத்திரி.

"முடியாதும்மா" என்றாள். "திரும்ப ஐஸ்ல வைக்கணும். வைக்க மாட்டேன்னு அவருக்குக் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். இனிமே ஒரு ராத்திரிகூட வைக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை அந்தச் சத்தியம் எங்க அத்தை போச்சு?"

இதற்கு விடை அவள் நடத்துகிற எந்தப் புத்தகத்திலும் இருக்கப்போவதில்லை.

"நான் வர்றதுக்குள்ள எரிச்சீங்கன்னா" என்றாள் நித்தியா, அழுகையில் வார்த்தை உடைந்து உடைந்து, "நான் உங்ககிட்டப் பேசவே மாட்டேன். சும்மா சொல்லல அத்தை. பேசவே மாட்டேன்."

அவள் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. வளர்த்தவளுக்குத் தெரியாதா? தாமானில் பூட்டிய வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து கதவைத் தட்டுகிற ஒரே கை அந்தப் பிள்ளையின் கைதான். புனிதவதி தொலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நல்லா இரும்மா" என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சின்னையாவின் நெஞ்சில் சூடத்தை அடுக்கி வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கார்த்திகேசு காத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"யாருக்கா, நித்தியாவா? அவகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்றா? அவ வரணும்னு சொன்னா இருப்போம்க்கா. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன்."

புனிதவதி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே அவள் கோபத்தையும் இவன் சுமக்க வேண்டுமா?

"எரிச்சிடுங்க, காக்க வைக்காதீங்கன்னுதான் சொன்னா" என்றாள். "நீ கொளுத்து."

கார்த்திகேசு தலையாட்டிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தான்.